தலைக்காயத்துக்கு ஒரு மாதிரி வினாத்தாள்

என் மண்டையில் இடித்தது என் சொந்த முகம்தான். எங்கள் டியூஷன் சென்டர் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஓர் இரும்புப் பலகை தொங்குகிறது. அதில் நான் கோட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பேன். கோட் ஸ்டுடியோக்காரருடையது. அந்தப் பார்வையும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கீழே, 'தோல்வி என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை' என்று எழுதியிருக்கும். அதை மாட்டுகிற அன்றே என் மனைவி, "இவ்வளவு கீழ வேணாங்க, யாராவது இடிச்சுக்குவாங்க" என்றாள். எதிர் வரிசையில் போட்டி சென்டர் நடத்துகிறவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் முகத்தைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பது என் திட்டம். அதனால் இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். அந்தக் கொஞ்சம்தான் என்னைச் சாய்த்தது.

சாக்பீஸ் டப்பா கைதவறிப் படியில் கொட்டியது. குனிந்து பொறுக்கிவிட்டு விருட்டென்று நிமிர்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை மாணவர்கள் சொல்லித்தான் கேட்டேன். படியில் உட்கார்ந்தவாக்கில் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தேனாம். பிறகு எழுந்து, பலகையில் இருந்த என் படத்தைப் பார்த்து, "பார்த்துப் போங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் நுழைந்தேனாம். ஒரு கணக்கைப் போட்டேன். அழித்தேன். அதையே மறுபடி போட்டேன். மறுபடியும் அழித்துவிட்டு அதையே ஆரம்பித்தபோது ஒரு பெண் எழுந்து, "சார், இதைத்தானே இவ்வளவு நேரம் போட்டீங்க?" என்றாள். "காரணமாத்தான் போடறேன், உட்காரு" என்று அதட்டியிருக்கிறேன். மறுநாளைக்குள் அந்தக் கணக்கு கட்டாயம் பரீட்சைக்கு வருகிறது என்று பேச்சு பரவி, எதிர் சென்டரிலும் விழுந்து விழுந்து அதையே நடத்தினார்கள். மூளை கலங்கியபோதும் தொழிலில் நான் முன்னணியில்தான் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்த பிறகுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை பார்க்கிறாள். யார் எவ்வளவு திட்டினாலும் "உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரலை அவள் வீட்டில் எடுத்தால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது. செருப்பைப் போடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் என் தலையை ஒரு வளையத்துக்குள் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். பார்த்த டாக்டர் சின்னப் பெண். என் பழைய மாணவிகளைவிட இளையவளாக இருப்பாள் என்று நினைத்ததுமே அவளிடம் பாடம் கேட்க எனக்குக் கசந்தது. ஆனால் நன்றாகவே நடத்தினாள்.

"மண்டை ஓடு கெட்டி சார். உள்ள மூளை ரொம்ப மிருது, தண்ணிக்குள்ள மிதந்துக்கிட்டு இருக்கு. தலை சட்டுன்னு நின்னாலும் மூளை உடனே நிக்காது, உள்ளயே குலுங்கும். உங்க ஸ்கேன்ல ரத்தக்கசிவு எதுவும் தெரியல, நல்லது. ஆனா ஸ்கேன் சுத்தமா இருக்குன்னா ஒண்ணுமே ஆகலன்னு அர்த்தம் இல்ல. குலுங்கின மூளை பழையபடி வேலை செய்ய நாளாகும்."

"மாத்திரை?"

"வலிக்கு மட்டும்தான் மாத்திரை. மத்தபடி ஓய்வு. முதல்ல ரெண்டொரு நாள் சும்மா இருங்க. அப்புறம் கொஞ்சமா நடங்க, கொஞ்சமா படிங்க. தலைவலி கூடினா நிறுத்திடுங்க. இன்னொரு அடி மட்டும் படவே கூடாது. ஸ்கூட்டர் வேணாம், வகுப்பும் இப்போதைக்கு வேணாம்."

பிறகு ஒரு அட்டையைப் பார்த்து ஐந்து வார்த்தைகள் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னாள். ஆகஸ்டில் தடுக்கி விழுந்து எப்படியோ ஜனவரிக்கு வந்து சேர்ந்தேன். "இப்போ அந்த அஞ்சு வார்த்தையும் சொல்லுங்க" என்றாள். வாளி என்றேன். ஜன்னல் என்றேன். அப்புறம் விட்டத்தைப் பார்த்தேன். பதில் தெரியாத பையன்கள் எல்லோரும் ஏன் விட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு. தலைவலியைவிட அதுதான் வலித்தது.

வீட்டில் என்னைப் படுக்கையில் போட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, பக்கத்து வீட்டு மிக்சி என் மண்டைக்குள்ளேயே ஓடியது. சமையலறைக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டு, கௌரவத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். அப்படிக் குடித்தே வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. இதில் எது வந்தாலும், எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் உடனே ஓடிவரவேண்டும் என்று போட்டிருந்தது. ஓய்வெடுக்கச் சொன்னால் நான் அதை மனப்பாடம் செய்தேன். மனைவியைத் தாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வரிசை பிசகாமல் ஒப்பித்தேன். முழு மார்க்.

"ரொம்ப சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள், கம்பெனிக் குரலில்.

ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என் மாணவர்களில் பாதிப்பேரின் செருப்புகள் இப்போது எதிர் சென்டர் வாசலில் கிடக்கின்றன என்று செய்தி வந்தது. எப்படியாவது மறு பரிசோதனையில் 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதி வாங்கிவிட வேண்டும் என்று துடித்தேன். தலை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பரீட்சை என்று வந்துவிட்டால் உண்மை நிலவரத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இருக்கத் தேவையில்லை என்பது என் தொழில். அதில்தான் சாப்பிடுகிறேன்.

மறு பரிசோதனைக்கு மனைவி என்னை இறக்கிவிட்டு, பாதி நாள் வேலையை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று போனாள். காத்திருப்பு அறையில் வரிசையாகப் பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் அடக்கிய டி.வி., உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாகத் தலையில் கட்டுப் போட்ட கூட்டம். பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று நின்று பழகிய வாய் எனக்கு. முதலில் வெளியே வந்த பெரியவரிடம் அது தானாகவே கேட்டுவிட்டது: "என்ன கேட்டாங்க?"

"என்னமோ வாளின்னாங்க, சீப்புன்னாங்க" என்றார்.

வாளி. எனக்குச் சிலிர்த்தது. அடுத்து வந்த பெண்ணிடமும், அதற்கடுத்து வந்த காவலாளியிடமும் கேட்டுத் துண்டு துண்டாகச் சேர்த்தேன். வாளி, சீப்பு, ஆடு, ஜன்னல், சிவப்பு. எல்லோருக்கும் அதே அட்டை. பழைய வினாத்தாளையே திரும்பக் கொடுக்கிறார்கள். வாளிக்குள் இருந்த சீப்பை எடுத்து ஆடு தலைவாரிக்கொண்டு ஜன்னலில் எட்டிப்பார்த்துச் சிவந்தது என்று ஒரு கதை கட்டி, கண்ணை மூடி நாலைந்து தடவை ஓட்டினேன். இனி இந்த ஜென்மத்தில் மறக்காது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு பெயின்டர் வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், காது மடலில் வெள்ளைப் பெயின்ட் துளி காய்ந்திருந்தது. கூட அவருடைய அக்கா. சில வாரங்களுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தவர், அன்றைக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது ஒரு உயரமான கட்டடத்தில் வேலை ஆரம்பிக்கிறது, டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் ஏணியில் ஏற விடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

"நாளைக்கே ஏறணும் சார். இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க" என்றார்.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "இவன் சரியில்ல சார்" என்றார். "பகல்லகூட தூங்கிக்கிட்டே இருக்கான். தலைவலி கூடிக்கிட்டேதான் இருக்கு. டம்ளரைக் குடுத்தா இடது கையில நிக்க மாட்டேங்குது, நழுவிருது."

ஒப்பித்து முழு மார்க் வாங்கிய தாள் என் சட்டைப் பையிலேயே மடித்து இருந்தது. அந்த அம்மா அதில் உள்ள வரிகளைத்தான் ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உறைக்கவில்லை. தாளில் இருப்பது 'தளர்ச்சி'. அவர் சொன்னது டம்ளர். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிற என் மாணவர்களை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்.

"பயத்துல அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். "என் பசங்களும் பரீட்சை நெருங்கினா பேனாவைக் கீழ போடுவாங்க. நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதீங்க."

ஆரம்பித்துவிட்டேன். ஆடு கதையைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சிவப்புப் பெயின்ட் வாளியோடு ஜன்னலில் ஏறுவதாகத் தன் பங்குக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்தார், சீப்பு எங்கே என்று தெரியாமல் தவித்தார். சொல்லச் சொல்ல மறந்தார். நடுவில் ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகினார். தொடையில் தட்டி எழுப்பினேன். மந்தமான பையனையும் கரையேற்றுகிறவன் என்பதுதானே என் பேர். எவ்வளவுக்கெவ்வளவு அவர் தடுமாறினாரோ அவ்வளவுக்கவ்வளவு எனக்கு உற்சாகம் பொங்கியது.

"தலைவலி இருக்கான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"இருக்குதுன்னு..."

"கூடாது. 'இப்போ பரவாயில்ல டாக்டர்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லணும். சொல்லுங்க."

சொன்னார். சிரிக்கவும் செய்தார். அடுத்து, போன தடவை என்னைச் சொன்னதுபோலவே, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்வார்கள், அதையும் செய்து பார்க்கலாம் என்றேன். நீட்டினார். இடது கை மெல்ல மெல்ல இறங்கியது. கோணல் கையெழுத்தைத் திருத்துகிற மாதிரி அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு, "தோளை இறுக்குங்க, மூச்சைப் பிடிங்க, இறங்க விடாதீங்க" என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். "சபாஷ்" என்றேன். அந்தச் சபாஷ் இப்போதும் என் காதில் கேட்கிறது, கூசுகிறது.

அன்று எங்கேயோ பெரிய விபத்து. ஸ்ட்ரெச்சர்கள் வந்துகொண்டே இருந்தன. டாக்டர் அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டு, நடுநடுவே எங்களையும் பார்த்தாள். பெயின்டர் உள்ளே போனார். சீக்கிரமே வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அஞ்சும் சொல்லிட்டேன் சார். மாசம் மட்டும் ஒரு இடத்துல இழுத்துச்சு, சமாளிச்சிட்டேன். ஏறலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவும் பாதி மனசோடு கும்பிட்டார். சாயங்காலம் கழுத்தில் மாலை விழப்போகிற ஆளைப்போல நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் வராந்தாவில் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழியில் அவருடைய இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. எடுக்கத் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. வலது காலில் செருப்பு, இடது காலில் வெறும் தரை, அப்படியே போய்க்கொண்டிருந்தார். ஒரு கால் தேய்ந்து தேய்ந்து போனது. செருப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை. தோளில் பையோடு முன்னால் போன அக்காவும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி மறைந்துவிட்டார்கள்.

இடது கை டம்ளர். இடது கை இறங்கியது. இடது கால் செருப்பு. ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி.

சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, வரி வரியாகக் கண்முன் ஓடியது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: நான் ஒரு கணம் கணக்குப் போட்டேன். முதலில் என் ஐந்து வார்த்தையைச் சொல்லி, என் சீட்டை வாங்கிக்கொண்டு, அப்புறம் இதைச் சொன்னால் என்ன? அப்படி நினைத்தவன் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அதற்குத் தலையில் பட்ட அடியையும் காரணம் சொல்ல முடியாது.

போய் அந்தச் செருப்பை எடுத்தேன். டாக்டர் அறைக்குள் நுழைந்து மேஜைமேல் வைத்தேன்.

"இது என்ன சார்?"

"இப்ப போனாரே பெயின்டர், அவரோடது. கழண்டு விழுந்தது அவருக்குத் தெரியல. இடது காலு. இடது கையும் நழுவுதாம். அந்த அஞ்சு வார்த்தையும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். தலைவலி இல்லன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். கையைக்கூட..." என் இடது கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். "எனக்கும் அந்த வார்த்தை எல்லாம் தெரியும். நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் திட்டவில்லை. எழுந்தே விட்டாள். "எந்தப் பக்கம் போனாங்க? ஓடுங்க. இல்ல, நீங்க ஓடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே வார்டு ஆளைக் கூப்பிட்டாள். அதற்குள் செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிவிட்டேன். ஓடக்கூடாது என்பதும் தாளில் இருந்ததுதான். வாசல் இரண்டு வாசலாகத் தெரிந்தது. ஒன்றில் நுழைந்து எப்படியோ தெருவுக்கு வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் பெயின்டர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். பஸ் வந்துகொண்டிருந்தது. அக்கா கைகாட்டி நிறுத்தப் போனார்.

"ஏறாதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது. செருப்பை நீட்டினேன்.

பெயின்டர் செருப்பைப் பார்த்தார். அப்புறம் தன் காலைப் பார்த்தார். "எப்போ கழண்டுச்சு?" என்று கேட்டார். அது யாரோ ஒருவருடைய கால் என்பதுபோலக் கேட்டார். அக்கா அந்த வெறுங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னேனே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெயின்டர் வர மறுத்தார். "நான்தான் பாஸாயிட்டேனே சார், நாளைக்கு ஏணி ஏறணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன சொன்னால் புரியும் என்று எனக்குத் தெரிந்தது. "கேள்வித்தாள் வெளியாயிடுச்சு" என்றேன். "எல்லாருக்கும் மறுபடி பரீட்சை. எனக்கும்தான்." அவர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்தார். எழுந்தவர் இடது பக்கம் சரிந்தார். பின்னாலேயே வந்திருந்த வார்டு ஆள் தாங்கிப் பிடித்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்.

புது வார்த்தைகள் ஐந்து சொன்னார்கள். பெயின்டர் ஒன்றுகூடச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹாலில் உட்கார்ந்து வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையனின் பார்வை அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணை மூடிக் கை நீட்டச் சொன்னபோது, தோளை இறுக்கச் சொல்ல ஆள் இல்லாமல், இடது கை தன்பாட்டுக்கு மடியில் போய் விழுந்தது. ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து அக்காவுக்குக் காட்டினாள். வலது பக்கம், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில், பிறை மாதிரி ஒரு பட்டை இருந்தது.

"இது ரத்தம்மா. விழுந்தப்போ உள்ள ஒரு மெல்லிசான ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. அன்னைக்கு ஸ்கேன்ல தெரியல. சொட்டுச் சொட்டா வாரக்கணக்குல சேர்ந்து, இப்போ மூளையை அமுக்குது. வலது பக்கம் அமுக்கினா இடது கை கால்தான் தளரும். ஓட்டுல சின்னதா ஓட்டை போட்டு, குழாய் வச்சு வடிய விடணும். இன்னைக்கே பண்ணிடுவாங்க. நேரத்துல பண்ணினா பெரும்பாலானவங்க நல்லாயிடறாங்க."

"நேரத்துலதான் வந்திருக்காரா?" என்று கேட்டது நான்.

அவள் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "நாளைக்கு ஏணியில ஏறியிருந்தா வந்திருக்க மாட்டார்" என்றாள். அப்புறம், "சார், நீங்க பரீட்சைக்குத் தயார் பண்றவரு. இது வேற மாதிரி பரீட்சை. இதுல பெயிலானவங்களுக்குத்தான் வைத்தியம். பாஸானவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவோம். எல்லாருக்கும் ஒரே அட்டையை நானும் வாசிச்சிருக்கக் கூடாது, இன்னைக்கு அவரை அவசரமாவும் பார்த்துட்டேன். அது என் தப்பு. ஆனா நீங்க அவரைக் கஷ்டப்பட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க" என்றாள்.

முப்பது வருஷ அனுபவம் என்று பலகையில் போட்டிருக்கிறேன். அந்த முப்பதையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெயின்டரை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். அக்காவும் நானும் வெளியே உட்கார்ந்தோம். நான் போகவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. மனைவி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கம்பெனிக் குரல் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் தேவலை. "நம்ம தலைக்கு அடிபட்டதுன்னா நம்மோட போகட்டும்ங்க" என்றாள், மெதுவாக. பிறகு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மடியில் செருப்பு இருந்தது. அந்த மனிதர் எழுந்துவராவிட்டால் இதை யாரிடம் கொடுப்பேன் என்ற நினைப்பு வந்தது. வந்த பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து வந்த சர்ஜன் நல்லபடி முடிந்தது என்றார். இனி கண் விழித்து, கை காலை அசைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். செருப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் நீட்டினேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், அவன் கால்லயே குடுங்க" என்றார் அக்கா. தண்டனையாகச் சொன்னாரா, வேண்டுதலாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சில நாள் கழித்து என் முறை வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டர் புது அட்டையிலிருந்து ஐந்து வார்த்தைகள் வாசித்தாள். மாதங்களைப் பின்னோக்கிச் சொன்னேன். பிறகு அந்த ஐந்தையும் கேட்டாள். மூன்று வந்தது. மீதி இரண்டுக்காகத் தேடினால், கூப்பிடாமலேயே ஆடு ஜன்னலில் எட்டிப்பார்த்தது. அது இனி என்னை விட்டுப் போகாது. விட்டத்தைப் பார்க்கவேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை.

"தெரியல டாக்டர்" என்றேன்.

வகுப்பறையில் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. சொன்னால் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றேன். வெளிச்சம்? கூசுகிறது. கோபம்? நான் வாய் திறப்பதற்குள் மனைவி, "நிறைய" என்றாள். வகுப்புக்குப் போக இன்னும் நாளாகும் என்று டாக்டர் எழுதினாள். எதிர் சென்டர் வாசலில் செருப்புகள் இன்னும் கூடட்டும் என்று வாங்கிக்கொண்டேன். போன தடவைக்கு இது ஒரு மார்க் அதிகம் என்று அவளிடம் சொல்ல நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனோம். பெயின்டர் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு பக்கம் மழித்திருந்தது, சின்னக் கட்டு. முகம் வற்றியிருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், அக்கா அதட்டி உட்காரவைத்தார்.

"சார், இங்கேயும் தினம் கேக்கறாங்க" என்றார். "நேத்து ரெண்டு சொன்னேன். இன்னைக்கு மூணு. மீதி தெரியலன்னு சொல்லிட்டேன்."

"நானும் மூணுதான்" என்றேன்.

அவருக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. "அப்போ ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுதான் சார்" என்றார்.

பையிலிருந்து செருப்பை எடுத்தேன். குனிந்து மாட்டிவிடப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். இடது கையை. "வைங்க சார், நானே போட்டுக்கறேன்" என்றார். தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இடது கால் மெதுவாக இறங்கியது. விரல்கள் வாரைத் தேடின, ஒருமுறை தவறின. எனக்கு வாய் துறுதுறுத்தது. இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், இறுக்கிப் பிடிங்க என்று சொல்ல எல்லாமே நாக்கு நுனியில் நின்றது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரல் வாரைத் தொட்டது, பிரிந்தது, உள்ளே நுழைந்து கவ்விக்கொண்டது.

அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜன்னல்வரை நடந்து போனார். செருப்பும் கூடவே போனது. எனக்குக் கண் மறைத்தது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "சரியா சார்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "டாக்டர் வரட்டும்."